சாவி நம்மகிட்ட இருக்கட்டும் தம்பி, நீ போய்ட்டு வா

சித்திரை பொறந்தா போதும், நெய்வேலிப் பக்கம் வடக்குத்துலயும் இந்திரா நகர்லயும் ரிட்டயர்டு சாருங்க வூட்டுக் கூடத்துல பொட்டி வந்து நிக்க ஆரம்பிச்சுடும். சக்கரம் வச்ச பொட்டி, ஆளுக்கு ரெண்டு. ஒவ்வொண்ணும் 23 கிலோவுக்கு மேல போவக் கூடாதாம். அதுக்குன்னு ஒரு தூக்குத் தராசு வாங்கி வச்சிக்கிட்டு, காலையில ஒரு தரம், பொழுது சாஞ்சு ஒரு தரம் நிறுத்துப் பாக்கறான் மனுசன். மாவடு அரைக் கிலோ எறங்குது, பருப்புப் பொடி கால் கிலோ ஏறுது. "என்னாப்பா, கெளம்பியாச்சா?"ன்னு கேட்டா நெத்தியத் தொடச்சிக்கிட்டு பதில் வருது: "இந்த வெயில்ல மனுசன் இருப்பானா பெரியவரே? கோடைக்கு அங்க, குளிருக்கு இங்க. ஆறு மாசம், ஆறு மாசம்னு பிரிச்சிக்கிட்டோம்."

பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதி ரிஜிஸ்தர் பண்ணிட்டு வந்தவனாட்டம் சொல்றான்.

தம்பி, கோவிச்சிக்காத, ஒண்ணு கேக்கறேன். நீ யாரு? தெர்மல்ல பாய்லர் பக்கத்துல நின்னு முப்பது முப்பத்தஞ்சு வருசம் ஷிப்டு பாத்தவன். மண்ணுக்கு அடியில தேமேன்னு கெடந்த கரிய மேல கொண்டாந்து பொசுக்கி ஊரூருக்குக் கரண்ட்டு அனுப்பினவன். வெயிலக் கொறை சொல்ல ஒலகத்துல எவனுக்கு வேணா பாத்தியதை இருக்கலாம், நெய்வேலிக்காரனுக்குக் கெடையாது. இந்த ஊரு பொறந்த கதையே சூடுதானே? 1930கள்ல ஜம்புலிங்க முதலியாரு தன் நெலத்துல தண்ணிக்குத் தொளை போட்டாரு. தண்ணியோட கருப்பா என்னமோ கலந்து வந்துச்சு. அவரு தேடினது தண்ணி, கெடச்சது நெருப்பு. 1956ல கரி எடுக்கக் கம்பெனி வந்துச்சு. அடுத்த வருசம் நேரு வந்து சுரங்கத்தத் தொடங்கி வச்சாரு. தேதியப் பாரு, மே மாசம் 20. அக்னி நட்சத்திரம்! டெல்லியிலேருந்து வர்றவரு மார்கழியில வந்திருக்கக் கூடாதா? முகூர்த்தமே கத்திரியில வச்ச ஊருப்பா இது. இங்க சம்பாரிச்சு, இங்க புள்ள பெத்து, இங்க பி.எஃப். வாங்கிட்டு, இப்ப வந்து "வெயில் தாங்கல"ன்னா சுரங்கமே சிரிக்கும்.

அதுலயும் ஒருத்தரு இருக்காரு. பீகானேர் பக்கத்துல பார்சிங்சர்ல கம்பெனிக்கு ஒரு சுரங்கமும் 250 மெகாவாட் மின் நிலையமும் இருக்கு பாரு, அந்தப் பாலைவனத்துல கொஞ்ச வருசம் வேலை பாத்துட்டு வந்தவரு. அந்த ஊர்ல கோடையில அனலு 45 டிகிரியத் தாண்டும், தை மாசத்துல வெரலு வெறைக்கும். அங்கெல்லாம் கல்லாட்டம் நின்னவரு, பேத்தி பொறந்த அன்னிக்கு சாயங்காலம் எங்கிட்ட சொல்றாரு: "இனிமே நம்ம ஒடம்புக்கு நெய்வேலிக் கோடை ஒத்துக்காதுங்க." ஒடம்புக்கா தம்பி ஒத்துக்கல? பேத்தி இருக்கற எடத்துல எண்ணெ தேச்சி ஊத்த ஆளு இல்ல, அதான சேதி?

இங்கதான் எனக்கு சிரிப்பு வருது. ரெண்டு வூட்டுக்காரங்க எல்லாரும் தட்பவெப்பத்தப் பத்தியே பேசறாங்க. கெளம்பற தேதிய மட்டும் தெர்மாமீட்டர் குறிக்கறதில்ல. மருமவளுக்கு லீவு எப்ப முடியுது, பேரனுக்குப் பள்ளிக்கூடம் எப்ப தொறக்குது, பாப்பாவ டேகேர்ல விட்டா மாசம் எவ்வளவு ஆவுது, இதுங்கதான் பஞ்சாங்கம். நல்ல குளிர்ச்சியான கார்த்திகையில மகளுக்குப் பிரசவம்னா, நம்ம சாரு மிச்சிகன் பனியில போய் நிக்கறாரு. வெயிலுக்குப் பயந்தவன் எவனாவது ஒறை பனிக்கு ஓடுவானா? ஆசையில போறேன்னு சொல்லிட்டுப் போயேன். பாசம்னு சொன்னா மீசை எறங்கிடுமா? எதுக்குப்பா பாவம், சூரியன் மேல பழிய போடறே?

பெங்களூருக்குப் போறவனுக்கு இன்னொரு சேதி. அந்த ஊரு கடல் மட்டத்துலேருந்து 900 மீட்டருக்கு மேல ஒசரம், காத்து சிலுசிலுக்கும்னு ஒரு காலத்துல சொன்னது நெசந்தான். 2024 கோடையில அங்க என்ன ஆச்சு? ஏப்ரல்ல 38 டிகிரி தொட்டுச்சு. ஆழ்குழாக் கெணறு வத்திப்போய், கோடி ரூபா ஃப்ளாட்டுக்காரன் டேங்கர் லாரிக்கு வாசல்ல காத்துக் கெடந்தான். அந்தக் கோடையில இங்கேருந்து போன நம்ம ஆளு ஒருத்தரு ஃபோன் போட்டாரு. "எப்பிடிப்பா இருக்கு குளுகுளு?"ன்னு கேட்டேன். "பெரியவரே, பக்கெட்டு எண்ணித்தான் குளிக்கறோம்"னாரு. நம்ம ஊர்லயோ, கரிக்கு அடியில நீரூத்து அழுத்தத்தோட நிக்கிது. அத ராப்பகலா எறைச்சாத்தான் சுரங்கத்துல கரியே எடுக்க முடியும். டவுன்ஷிப்புல இருந்த வரைக்கும் தண்ணிக் கஷ்டம்னா என்னான்னு தெரியாம இருந்த மனுசன், குளிர்ச்சி தேடிப் போய் பக்கெட்டு எண்ணினாரு. அந்த ஃப்ளாட்டுல தலைக்கு மேல ஃபேன் சுத்திச்சு பாரு, அது சுத்தறதுல நம்ம நெய்வேலிக் கரியும் கொஞ்சம் இருக்கு. ரெண்டாவது தெர்மலு கரண்ட்டுல கர்நாடகாவுக்கும் பங்கு உண்டு. தான் அனுப்பின காத்த வாங்க, பொட்டி தூக்கிக்கிட்டு பெங்களூரு போயிருக்காரு.

சரி, பெங்களூரு வேணாம், மலையில ஒரு சின்ன வூடு வாங்கிப் போடலாம்னு நெனைக்கிறவனும் இருக்கான். அதே 2024 ஏப்ரல் கடைசியில ஊட்டியே 29 டிகிரி தொட்டுச்சு. மே 7ந் தேதியிலேருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூரு வண்டி ஏற இ-பாஸ் வேணும்னு ஐகோர்ட்டு சொன்னதுல வந்து நின்னுச்சு. ஊரே ஒரே நேரத்துல மலை ஏறினா மலை என்ன பண்ணும்?

கோடைக்கு ஊரு மாத்தற இந்த வித்தைய நீ புதுசா கண்டுபுடிக்கலப்பா. கல்கத்தாவுல ஒக்காந்து நாட்டை ஆண்டவன் 1864லேருந்து கோடைக்கு சிம்லா ஏறிட்டான். மெட்ராஸ் கவர்னரும் 1870 வாக்குல ஊட்டியக் கோடைத் தலைநகரமாவே ஆக்கிக்கிட்டாரு. காஷ்மீர் ராஜா 1872லேருந்து கச்சேரியவே தூக்கிக்கிட்டு குளிருக்கு ஜம்மு, கோடைக்கு ஸ்ரீநகர்னு போய் வந்தாரு. ராஜாங்கம் போய் ஜனநாயகம் வந்தும் அந்தப் பழக்கம் போவல, லாரி லாரியா காயிதக் கட்டு ஏத்தி எறக்கினாங்க. அவங்களுக்கெல்லாம் கட்டு தூக்க ஆளு இருந்துச்சு, சமைச்சுப் போட ஆளு இருந்துச்சு. நீயோ, கவர்னரு மாதிரி கெளம்பிப் போய் அங்க குமாஸ்தா வேலையும் சமையக்காரன் வேலையும் பாக்கறே.

நம்ம பக்கத்துலயே இதுக்கு ஒரு பரம்பரை உண்டு, அது ஒனக்கு ஞாபகம் வராது. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துலேருந்து கீதாரிங்க ஆட்டு மந்தைய ஓட்டிக்கிட்டு தஞ்சாவூரு வரைக்கும் வருவாங்க. அறுப்பு முடிஞ்ச வயல்ல ராவுக்குக் கெடை போடுவாங்க. புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு எருவு. மழை புடிக்கறதுக்குள்ள ஊருக்குத் திரும்புவாங்க. அவங்களுக்கும் வருசத்துல ரெண்டு ஊருதான். ஆனா கெடை போட்டா வயக்காரன் நெல்லோ காசோ அளந்துடுவான். நீ போற எடத்துலயும் மேய்ச்சல்தான், பேரப்புள்ள மேய்ச்சல். கூலிய மட்டும் எவனும் அளக்கறதில்ல. கீதாரிக்கு இருக்கற வெவரம் இஞ்சினியருக்கு இல்லியேப்பா.

இப்ப கொஞ்சம் உள்ள வர்றேன். ஒன்னோட சிக்கலு எங்க ஆரம்பிச்சுதுன்னு எனக்குத் தெரியும். நீ கலியாணம் கட்டாம, பேச்சிலரா ஷிப்டு முடிஞ்சு சைக்கிள்ல வர்ற காலத்துலேருந்து ஒன்ன பாக்கறேன். அன்னிக்கு ஒனக்குக் கம்பெனி ஒரு குவார்ட்டர்ஸ் குடுத்துச்சு. பிளாக்கு நம்பரு, தெருவுக்கு நிழலா மரம், கொழாயத் தொறந்தா தண்ணி. பல்பு போனா, ஓடு ஒடைஞ்சா ஒரு கம்ப்ளெயிண்ட்டு எழுதிப் போட்டே, ஆளு வந்துச்சு. சுவத்துல ஆணி அடிக்கறதுக்குக் கூட யோசிச்சே, ஏன்னா சுவரு ஒன்னோடது இல்ல. முப்பது வருசம் ஒரு வூட்டுல குடியிருந்தே, ஒரு நாளும் வூட்டுக்காரனா இருக்கல. ரிட்டயர்மெண்ட் ஆன கையோட குவார்ட்டர்ஸ் சாவிய ஒப்படைச்சே. அன்னிக்கு ஒம் மூஞ்சியப் பாத்தேன். வேலை போனதுக்கு இல்ல, அந்தக் கொல்லைப்புற வாழைக்கு நீ கலங்கினே.

அந்த அவசரத்துல ஒண்ணுக்கு ரெண்டா பண்ணிட்டே. கிராஜுவிட்டி கையில கெடச்சதும் வடக்குத்துல மனை வாங்கி ஒண்ணு கட்டினே. மிச்சத்த பையன் ஃப்ளாட்டுக்கு முன்பணமா போட்டே. "அப்பா, இதுல ஒரு ரூமு உங்களுதுதான்"னு பையன் சொன்னான். நல்ல புள்ள, பொய் சொல்லல. போய்ப் பாத்தியா அந்த ரூம? இஸ்திரி போடற மேசை அங்கதான், பேரனோட பழைய சைக்கிள் அங்கதான், வேண்டாத பொட்டி அட்டைங்க அங்கதான். நடுவுல ஒரு கட்டிலு, அதுல நீ. இங்க நாலு ரூமும் பூட்டிக் கெடக்கு, அங்க முக்கால் ரூமுல ரெண்டு பேரு. இருந்த ஒரே வூட்டையும் சுரங்கத்துக்குக் குடுத்துட்டு வேற எடத்துல போய்க் குடியேறின சனங்க நெறைய பேரு இருக்கற மண்ணுப்பா இது. அவங்க நடுவுல நின்னுக்கிட்டு, "ரெண்டு வூடு இருக்கே, எதுல இருக்கறதுன்னே தெரியல"ன்னு சலிச்சிக்காத. கேக்கறவன் சிரிக்க மாட்டான்.

அந்தப் பக்கம் ஒன் சம்சாரத்தப் பத்தி ஒரு வார்த்த. நீ ரிட்டயர்மெண்ட் ஆனே, மாலை போட்டாங்க, சால்வை போத்தினாங்க, கார்ல கொண்டாந்து வுட்டாங்க. அந்த அம்மாவுக்கு யாருப்பா ரிட்டயர்மெண்ட் குடுத்தா? முன்ன ஒரு அடுப்பு, இப்ப ரெண்டு. இங்க விறுவிறுன்னு தன் சமையக்கட்டுல எது எங்க இருக்குன்னு கண்ண மூடிக்கிட்டு எடுக்கற பொம்பள, அங்க போய் கடுகு டப்பா எங்கன்னு மருமவளக் கேட்டு நிக்கிது. ஆறு மாசத்துல அந்தச் சமையக்கட்டு கைக்குப் பழகற நேரத்துல ஃப்ளைட்டு ஏத்திடறே. திரும்பி வந்தா, இங்க பூசணம் புடிச்ச புளி, வண்டு வச்ச பருப்பு, ஒட்டடை. நீ வந்ததும் வராததும் ஜெட் லாக்குன்னு போத்திக்கிட்டு படுத்துக்கறே. அவங்க வெளக்கமாத்த எடுக்கறாங்க. அவங்களுக்கு ஜெட் லாக் கெடையாதா? இல்ல, அதுக்கும் பி.எஃப். நம்பரு வேணுமா?

நாள் கணக்க சொல்றேன், கேட்டுக்க. அமெரிக்காக்காரன் விசா பத்து வருசத்துக்குக் குடுத்தாலும், எறங்கற எடத்துல போடற முத்திரை பெரும்பாலும் ஆறு மாசத்துக்குத்தான். பையன் சாமர்த்தியமா ஆறு மாசம் முடிய ரெண்டு நாளு இருக்கறாப்புல திரும்பற டிக்கெட்ட போடுவான். அத பாசம்னு வச்சிக்க, கணக்குன்னு வச்சிக்க, ஒன் இஷ்டம். இந்தப் பக்கம் வருமான வரிக்காரன் ஊர்ல இருக்கற நாளுக்கு 182னு ஒரு கோடு போட்டு வச்சிருக்கான். கனடாவுலயும் இந்தக் கதை உண்டாம். அங்க வயசானவங்க குளிருக்குப் பயந்து தை மாசத்துல ஃப்ளோரிடாவுக்கு ஓடிடறாங்க. ஓடினாலும், ஒன்டாரியோ மாகாணத்துல பன்னெண்டு மாசத்துல 153 நாளாவது ஊர்ல இருந்தாத்தான் சர்க்காரு வைத்தியம். அதனால அந்த ஊரு கெழவனும் கெழவியும் காலண்டர்ல கட்டம் போட்டு அடிச்சிக்கிட்டே மணல்ல காயறாங்க. ஒலகம் பூரா கெழடுங்க நாளு எண்ணிக்கிட்டுதான் இருக்கு போ.

இனி பென்சன் சேதி. இ.பி.எஸ்.-95ங்கற பி.எஃப். பென்சன் எம்மாம் பெரிய பென்சனுன்னு எனக்கும் தெரியும். 15,000 ரூபா சம்பளங்கற உச்சவரம்புக் கணக்குல போட்டா, முழு சர்வீசுக்கே மாசம் 7,500தான் தேறும். அத வச்சிக்கிட்டு ரெண்டு வூட்டுக்கு மெயிண்டனன்ஸ் கட்டற தைரியத்துக்கே ஒனக்கு இன்னொரு சால்வை போடலாம். உசுரோட இருக்கோம்னு காட்டற சர்ட்டிபிகேட்டுக்கு, நவம்பர்ல ஊர்ல இருந்தே ஆவணும்னு அடிச்சிக்காத. இ.பி.எஸ்.காரங்க எந்த மாசத்துல வேணா குடுக்கலாம், குடுத்த தேதியிலேருந்து ஒரு வருசம் செல்லும். இப்பல்லாம் மூஞ்சிய செல்போனுக்கு நேரா காட்டினா போதுமாம். வெயிலு ஏறறதுக்கு முன்னாடி, பங்குனியிலயே நல்லா சவரம் பண்ணிட்டுக் காட்டிடு. கெளம்பற அன்னிக்கு ஒன் மூஞ்சியப் பாத்தா கம்ப்யூட்டரே சந்தேகப்படும்.

வூட்டப் பூட்டிட்டுப் போறவனுக்கு சொல்றது: ஃப்ரிட்ஜ நிறுத்திட்டு கதவ ஒருக்களிச்சு வை, சாத்தாத. மேல் தொட்டியக் காலி பண்ணு, இல்லாட்டி கொசு உள்ள குடித்தனம் பண்ணும். சிலிண்டரு ரெகுலேட்டரக் கழட்டு. நகைய பேங்கு லாக்கர்ல வை. ஸ்டேஷன்ல சொல்லி வச்சிட்டுப் போ, ரோந்துல ஒரு பார்வை பாப்பாங்க. ஏர்போர்ட்டுல நின்னு ரெண்டு பேரும் பல்லக் காட்டற போட்டோவ, போய் சேர்றதுக்குள்ள ஸ்டேட்டஸ்ல போடற பாரு, அதுக்குப் பதிலா வாசல்ல "திருடனுக்கு நல்வரவு"ன்னு கோலம் போட்டுடலாம். கரண்ட்டு பில்லப் பத்திக் கவலையே படாத, ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட்டு சர்க்காரு இனாம், பூட்டின வூடு அதுக்கு மேல எங்க போவப் போவுது? நீ திரும்பி வந்து ஏசிய ராப்பகலா ஓட்டற ரெண்டு மாசத்துல அதையெல்லாம் சேத்து அழுதுடுவே.

கரையானுக்கு மட்டும் என்கிட்ட மருந்து இல்ல. இந்தச் செம்மண்ணுல அது ராஜா. வருசா வருசம் ஆடிக்கு முன்ன பின்ன, ஜூலை மாசத்துல, கம்பெனி புத்தகக் கண்காட்சி போடுது பாரு, 1998லேருந்து நடக்குது, அதுல பை பையா வாங்கி அலமாரியில அடுக்கி வச்சியே, "ரிட்டயர்மெண்ட் ஆனதும் ஒண்ணு விடாம படிப்பேன்"னு? ஒனக்கு முன்னாடி கரையான் படிச்சு முடிச்சுடுச்சு. முன்னுரையிலேருந்து விலை போட்ட பக்கம் வரைக்கும். நல்ல வாசகன், ஒரு எழுத்த மிச்சம் வைக்கல.

போற வழியும் சொல்லிடறேன். பெங்களூருக்கு நம்ம நெய்வேலி ஸ்டேஷன் வழியாவே காரைக்கால் ரயிலு இருக்கு, விருத்தாசலம், ஆத்தூரு, சேலம்னு நிதானமா போவும். பெரியவங்களுக்குக் குடுத்த கட்டணச் சலுகைய 2020 மார்ச்சுல, கொரோனா வந்தப்ப எடுத்தாங்க. கொரோனா போச்சு, சலுகை திரும்பல. ஆனா அந்த ரயில்ல போற சொகம் காருல கெடைக்காது. மல்லாட்டை வறுத்து எடுத்துக்க.

வெயில வுட்டுட்டு ஓடறியே, அதோட கூட எத வுட்டுட்டுப் போறேன்னு பாத்தியா? சித்திரை, வைகாசி, ஆனி. பண்ருட்டிப் பலா வர்றதே இந்த மூணு மாசம்தான். மந்தாரக்குப்பத்துலேருந்து பண்ருட்டி ரோடு பூரா மரத்தடியில குவிச்சு வச்சிருப்பான், வண்டியில போறவன் மூக்கே பிரேக்கு போடும். நுங்கு, வெள்ளரி, முந்திரிப்பழம், மாங்கா, கேவுரு கூழுக்குத் தொட்டுக்க மோர் மொளகா, எல்லாம் வெயிலு போடற சோறு. நீயோ நியூ ஜெர்சியில, இந்தியன் கடையில டப்பாவுல அடைச்ச பலாச்சுளையப் பத்து டாலருக்கு மேல பாத்துட்டு, அத ரூபாயா மாத்திப் பாத்துட்டு, வச்சிட்டு வர்றே. இங்க ஒன் மரத்துல அது தானா பழுத்து, தானா வெடிச்சு, அணிலு திங்கிது.

திரும்பி வர்ற நேரமாவது நல்ல நேரமான்னு பாத்தா, அதுவும் இல்ல. ஆறு மாசக் கணக்குக்கு நீ வந்து எறங்கறது ஐப்பசி. நம்ம பக்கத்துக்கு மழையும் புயலும் அப்பதான். 2011 டிசம்பர் 30ந் தேதி தானே புயலு கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரையேறினப்ப என்ன ஆச்சு? ஒரே ராத்திரி. பாட்டன் வச்ச பலாவும் முந்திரியும் வேரோட சாஞ்சு கெடந்துச்சு, பல நாளு கரண்ட்டு இல்ல. நாட்டுக்கே கரண்ட்டு குடுக்கற ஊரச் சுத்தி எல்லாரும் அரிக்கேன் வெளக்கு தேடினோம். 2015 கார்த்திகையில வெள்ளம், கடலூரு மாவட்டமே தண்ணியில நின்னுச்சு. ரெண்டு தடவையும் நம்ம வெளியூரு சாருங்க பல பேரு சரியா இங்க இருந்தாங்க. கோடைக்கு டிமிக்கி குடுத்துட்டு புயலுக்கு அட்டெண்டன்ஸ் போட வந்தாங்க. நல்ல கணக்கு.

அதனால போவாதேன்னு சொல்றேனா? சேச்சே. போ. தாராளமா போ. பேரப்புள்ளைக்குத் தாத்தா மடி வேணும். ஒனக்கும் ஒரு நாளைக்கு நாலு வார்த்த தமிழ்ல பேச ஒரு சின்ன வாய் வேணும். மார்கழி, தை, மாசி இங்க இருந்துடு, வடலூரு தைப்பூச ஜோதியப் பாத்துடு. பங்குனி உத்திரத்துக்கு வில்லுடையான்பட்டு முருகனக் கும்புட்டுடு. அப்புறமா கெளம்பு. ஆறு மாசத்துக்கு முத்திரை குத்தினான்னா ஆறு மாசமும் ஒக்காரணும்னு சட்டமா? மூணு மாசத்துல வாயேன். விருந்தாளி கெளம்பறப்ப, வூட்டுக்காரனுக்குக் கொஞ்சம் வருத்தம் இருக்கணும் தம்பி. ஆறாவது மாசத்துல பையன் ஒன் பொட்டிய ஓடி ஓடித் தூக்கறான் பாரு, அந்த வேகத்துல எனக்கு சந்தேகம்.

பையன் வூட்டுல ரெண்டே ரெண்டு வெரதம் இரு. அவங்க தெர்மோஸ்டாட்டுல கை வைக்காத. முப்பது வருசம் டர்பைன் ஓட்டினவன்தான், ஆனாலும் அந்தச் சின்ன டப்பா மருமவ கண்ட்ரோல் ரூமு. இன்னொண்ணு, "எங்க குவார்ட்டர்ஸ்ல"ன்னு ஆரம்பிச்சு பேசாத. ஒரு நாளைக்கு ஒரு தரம் போதும்.

எனக்கு இதுல என்ன ஆதாயம்னு நெனைக்கிறியா? ஒன்னும் இல்லப்பா. ஒன் வூட்டு சாவி, பக்கத்து வூட்டு சாவி, எதிர் வூட்டு சாவி, எல்லாம் இந்த அரைஞாண் கயித்துலதான் தொங்குது. வாரத்துக்கு ஒரு நாளு மோட்டார ஓட்டறேன், துளசிக்குத் தண்ணி ஊத்தறேன், கூடத்துல ஒரு மணி நேரம் ஒன் ஈசி சேர்ல சாஞ்சு, வூடு பூட்டியே கெடக்கக் கூடாதுங்கறதுக்காக, தூங்கறேன். காத்தோட்டமா கட்டியிருக்கே. தெக்கால ஜன்னலத் தொறந்தா அந்த ஒரு மூலையில கத்திரி வெயிலே தெரியல. நீ இருந்து பாத்ததில்லல்ல, அதான் ஒனக்குத் தெரியாது.

ஆங், சொல்ல மறந்துட்டேன். முந்தாநாளு ஒன் கொல்லையில அந்த வேலியோரப் பலாவத் தட்டிப் பாத்தேன். அடி மரத்துல ரெண்டு காயி முத்தலா இருக்கு, சத்தம் மாறிப்போச்சு. பழுக்க இன்னும் ஒரு பத்து நாளாவது ஆவும். அதுக்கு முன்னாடி அறுத்தா சுளை வெளிறிடும். நீ டிக்கெட்டு என்னிக்குப் போட்டிருக்கேன்னு சொன்னே?